பார்த்தால் மாறுமா?

நான்கைந்து வருடங்களுக்கு முன், பொங்கல் முடிந்த வாரம். திருவண்ணாமலையில் செங்கம் சாலைப் பக்கம் வெளியூர்க்காரர்கள் நிறைந்து வழியும் காலம் அது. டீக்கடைப் பலகையில்கூட ஆங்கிலத்தில்தான் எழுதியிருப்பார்கள். நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டு, சாயங்காலம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். பகலில் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று, அந்தச் சாலையில் நடக்கும் வகுப்புகளிலும் முகாம்களிலும் ஆங்கிலத்தில் பேசுவதைத் தமிழில் சொல்லும் வேலைக்குப் போவேன்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பேசுகிறவர் "நான்" என்றால் நாமும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். "அவர் இமயமலையில் இருந்தாராம்" என்று சொல்லக் கூடாது. "நான் இமயமலையில் இருந்தேன்" என்றே சொல்ல வேண்டும். அப்போதுதான் கேட்கிறவர்களுக்குப் பேச்சு நேரடியாகப் போய்ச் சேருமாம். அந்த ஒரு வருடத்தில் நான் இமயமலையில் தவம் செய்திருக்கிறேன், ஜெர்மனியில் பேங்க் வேலையை உதறியிருக்கிறேன், இரண்டு முறை விவாகரத்தும் வாங்கியிருக்கிறேன். எங்கள் தெருவிலிருந்து ஒரு முகாமுக்கு வந்த அம்மா ஒருவர், அடுத்த நாளே வீட்டுக்கு வந்து "பொண்ணுக்கு எப்பங்க கல்யாணம் ஆச்சி? சொல்லவே இல்லியே" என்று என் அம்மாவிடம் விசாரித்தே விட்டார். வீட்டில் ஒரு வாரம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அந்த வாரம் ஒரு கெஸ்ட் ஹவுஸ்காரர் என்னைக் கூப்பிட்டிருந்தார். அண்ணன் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். உள்ளூர் மக்களுக்காக இலவச முகாம் நடத்துகிறார்களாம். குவாண்டம் அறிவியலால் உடலைக் குணப்படுத்துவது எப்படி என்பது தலைப்பு. தலைப்பைப் பார்த்ததுமே எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. ஆனாலும் கேட்டுப் பார்ப்போமே என்று போனேன். மொட்டை மாடியில் கொட்டகை போட்டு, முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நம் ஊர் ஆட்கள், பின்னால் மெத்தைகளில் வெளிநாட்டுக்காரர்கள். பேச வந்தவர் வடக்கே ஒரு பெரிய நகரத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைக் கதர் உடுத்தி, தேனில் தோய்த்த மாதிரி ஆங்கிலம் பேசினார்.

எல்லாமே சக்தி என்று ஆரம்பித்தார். சக்திக்கு அதிர்வு உண்டு, நோய் என்பது தாழ்ந்த அதிர்வு, நல்ல எண்ணம் உயர்ந்த அதிர்வு என்றார். நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். எது அதிர்கிறது, நொடிக்கு எத்தனை முறை என்று கேட்க நாக்கு துடித்தது. என் டியூஷனில் அலகு போடாமல் விடை எழுதினால் அரை மார்க் குறைப்பேன். இவருக்கு மார்க் போட்டிருந்தால் மைனஸில்தான் போயிருக்கும். போகட்டும், நல்லதை நினைக்கச் சொல்கிறார், யாருக்கு என்ன நஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

பிறகு அவர் எலக்ட்ரானுக்கு வந்தார். அங்கேதான் எனக்குக் கோபம் ஏற ஆரம்பித்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு தகட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னப் பிளவுகள். அதை நோக்கி எலக்ட்ரான்களை ஒன்று ஒன்றாக அனுப்புகிறோம். தகட்டுக்குப் பின்னால் உள்ள திரையில் அவை விழுந்த இடமெல்லாம் புள்ளி வைத்துக்கொண்டே வந்தால், போகப் போக வரிவரியாக ஒரு கோலம் உருவாகும். ஒவ்வொரு எலக்ட்ரானும் இரண்டு பிளவு வழியாகவும் அலை மாதிரி போனால்தான் அப்படி வரும். சரி, எந்தப் பிளவு வழியாகத்தான் போகிறது என்று கண்டுபிடிக்க ஒரு கருவியை வைத்தால், அந்த வரிகள் காணாமல் போய்விடும். இதை முதல் முறை படித்த அன்று கல்லூரி கேண்டீனில் தயிர்சாதத்தைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தேன். சாப்பிடத் தோன்றவில்லை. உலகம் இப்படியா இருக்கிறது, இதை மனிதர்கள் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார்களா என்று மலைத்துப்போனேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் வந்தது.

அதை எடுத்துக்கொண்டு அந்த மனிதர் சொன்னது இது: பார்ப்பதால் பொருள் மாறுகிறது என்று அறிவியலே நிரூபித்துவிட்டது. நோயை நோயாகப் பார்ப்பதால்தான் அது நோயாக இருக்கிறது. பார்ப்பதை விட்டுவிட்டால் நோயும் விட்டுவிடும். நான் மைக்கைப் பிடித்து வழக்கம்போல், "நோய நீங்க நோயா பாக்கறதாலதான் அது இருக்குது. பாக்கறத விட்டுடுங்க, அதுவா போயிடும்னு நான் சொல்றேன்" என்றேன். முன் வரிசையில் கைதட்டினார்கள்.

டீ குடிக்க விட்டபோது ஓர் அம்மா என்னிடம் வந்தார். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம், கொஞ்சம் நிலத்தில் மணிலா, அதாவது வேர்க்கடலை, போட்டிருக்கிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது. நாற்பது வயது இருக்கும். கூட ஒன்பதாவது படிக்கும் மகள். அந்தப் பெண் மார்போடு ஒரு சின்னப் பையை அணைத்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், நீங்க சொன்னது மனசுல நல்லா பட்டுதுங்க. அப்போ பாப்பாவுக்கு இன்னைலேருந்து ஊசிய நிறுத்திடலாங்களா?"

"என்ன ஊசிக்கா?"

"சக்கரைக்குங்க. இன்சுலின். சின்ன வயசுலேருந்து போட்டுனு இருக்கறோம். சாப்புடறதுக்கு முன்னாடி எல்லாம் போடணும். ஸ்கூல்ல பாத்ரூம்ல ஒளிஞ்சி போட்டுக்குது. மத்த பசங்க பாத்துட்டு ஒரு மாதிரி பேசுதுங்களாம்."

பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை வேறு, சின்னப் பிள்ளைகளுக்கு வரும் இந்தச் சர்க்கரை வேறு. இவர்கள் உடம்பில் இன்சுலின் சுரப்பதே கிட்டத்தட்ட நின்று போயிருக்கும். ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. இது எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கும் டாக்டர்கள் சொல்லித்தான் இருப்பார்கள்.

"ஐயோ, நிறுத்தக் கூடாதுக்கா. நான் அப்படிச் சொல்லல. அவருதான் பேசுனாரு."

அந்த அம்மா என்னைக் குழப்பமாகப் பார்த்தார். "அவரு இன்னா பேசுனாருன்னு எனக்கு எங்கங்க தெரியும்? எனக்குக் கேட்டது நீங்க சொன்னதுதான. நம்ம ஊரு பொண்ணு, படிச்ச பொண்ணு, அது பொய் சொல்லாதுன்னுதான் நம்புனேன்."

நான் மறுபடியும் வேண்டாம் என்று சொன்னேன். காலையில் மேடையில் ஒன்று, இப்போது ஒன்று என்று மாற்றிப் பேசுகிறவளை அவர் எப்படி நம்புவார்? "அவரையே கேட்டுச் சொல்லுங்க" என்றார். அந்தப் பெண் குனிந்து பையைப் பார்த்தாள். ஊசி இல்லாத ஒரு நாள் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை.

நேராகப் பேச வந்தவரிடம் போனேன். காலை டிபனில் சட்னி காரம் ஜாஸ்தி என்று சொல்லி, வயிற்றெரிச்சலுக்கு ஒரு மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மருந்தை யாரும் நிறுத்த வேண்டாம் என்று மேடையிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் யாரையும் எதையும் நிறுத்தச் சொல்லவில்லையே, அவரவருக்கு உள்ளிருந்து தோன்றும், நாம் பயத்தை விதைக்கக் கூடாது, சபையின் அதிர்வு தாழ்ந்துவிடும் என்றார். இப்படி ஒரு பதிலை எந்தச் சட்டத்திலும் பிடிக்க முடியாது. எல்லாப் பக்கமும் வழுக்கியது.

அண்ணன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஏம்மா, உனக்கு இன்னாத்துக்கு இந்த வேல? அவரு சொல்றத நீ சொல்லு. சொந்த சரக்கெல்லாம் வேணாம்" என்றார்.

இரண்டாவது வகுப்பு ஆரம்பித்தது. ஆரம்பித்த உடனேயே அவர் அந்த அம்மாவையும் பெண்ணையும் முன்னால் கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் போய்ச் சொன்னதே அவருக்கு நல்ல உதாரணமாகப் பயன்பட்டுவிட்டது. அந்தப் பெண்ணைக் கண்ணை மூடச் சொன்னார். அவள் மடியிலிருந்த பையை மெல்ல எடுத்து, தன் நாற்காலிக்குப் பின்னால் வைத்தார். உன் பயம் இந்தப் பைக்குள் இருக்கிறது, இன்று ஒரு நாள் இதைப் பார்க்காதே, உன் உடம்பு தன்னைத் தானே நினைவுபடுத்திக்கொள்ளும், குவாண்டம் விதி அதைத்தான் சொல்கிறது என்று சொல்லிவிட்டு, தமிழில் சொல்லும்படி என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

மைக் என் கையில் இருந்தது. கூட்டம் முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாவும்தான்.

"இவரு இப்ப சொன்னத நான் சொல்ல மாட்டேன்" என்றேன். கூட்டத்தைப் பார்த்துத் தொடர்ந்தேன். "இவ்ளோ நேரம் நான் நான்னு சொன்னது எல்லாம் இவரோட பேச்சு. இப்ப பேசறதுதான் என் பேச்சு. நான் பிசிக்ஸ் படிச்சவ. எலக்ட்ரான பாத்தா மாறுதுன்னா, கண்ணால பாக்கறது இல்லீங்க அது. கருவி வெச்சி அளக்கறது. சைக்கிள் டியூப்ல காத்து எவ்ளோ இருக்குதுன்னு மீட்டர் வெச்சிப் பாக்கறோம், அப்ப புஸ்ஸுனு கொஞ்சம் காத்து போவுதுல்ல? தொடாம அளக்க முடியாது. ஏறக்குறைய அந்த மாதிரி. இன்னும் ஆழமா போனா அதிசயமெல்லாம் இருக்குது, ஆனா அதுல நம்ம ஆசைக்கு எடமே இல்ல."

தாயக்கட்டையைச் சொன்னேன். "கட்டைய உருட்டறது நம்ம கைதான். தாயம் உழணும்னு மனசார நெனச்சா உழுந்துடுமா? எலக்ட்ரானும் அப்படித்தான். எது வர எவ்ளோ வாய்ப்புன்னு கணக்கு சொல்லும். எது வேணும்னு அதுகிட்ட யாரும் கேட்டு வாங்க முடியாது. பெரிய பெரிய விஞ்ஞானியாலயே முடியாது. இந்தப் பொண்ணு ஊசிய நிறுத்தினா உயிருக்கு ஆபத்து. இங்க உக்காந்திருக்கற யாரும் இவரு பேச்சக் கேட்டு எந்த மருந்தையும் நிறுத்தாதீங்க. டாக்டரக் கேளுங்க."

பேசிய மனிதர் என்ன நடக்கிறது என்று புரியாமல் புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் பின்னால் இருந்தவர்களுக்கும் தெரிய வேண்டுமே என்று, நான் சொன்ன அத்தனையையும் நானே ஆங்கிலத்தில் சொன்னேன். வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. பாதிக்கு வரும்போதே அவர் புன்னகை போய்விட்டது. அவர் விழுங்கிய மாத்திரையைப் பற்றியும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்னொருவர் வயிற்றை வைத்து ஜெயிக்க எனக்கு இஷ்டம் இல்லை.

அண்ணன் ஓடிப்போய் மைக் செட்டை அணைத்தார். டியூஷன் எடுக்கிற தொண்டைக்கு மைக் எதற்கு? மாடி முழுக்கக் கேட்கும்படி முடித்தேன். முன் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "சாமி இருக்கற ஊர்ல நின்னுக்கினு இப்படிப் பேசறியேம்மா. நம்பிக்கையே இல்லியா உனக்கு?" என்று கேட்டார்.

"பௌர்ணமி ஆனா மலைய சுத்தறவதாங்க நானும். அண்ணாமலையாருக்கு எலக்ட்ரான் வந்து சர்டிபிகேட் குடுக்கணுமா? அவரு பாட்டுக்கு இருக்காரு. நம்பிக்கைய நம்பிக்கைன்னு சொல்லுங்க, கையெடுத்துக் கும்புடறேன். அதுக்கு பிசிக்ஸ்னு பேர் வெச்சி ஒரு கொழந்தையோட மருந்தப் புடுங்காதீங்க."

சொல்லிக்கொண்டே போய், நாற்காலிக்குப் பின்னாலிருந்த பையை எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். பேச வந்தவர் தடுக்கவில்லை. மெத்தைகளில் இருந்து இரண்டு மூன்று பேர் எழுந்து வெளியே போனார்கள். மற்றவர்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கைதட்டவில்லை. இந்தத் தெருப் பக்கமே இனி வேலைக்கு வராதே என்று அண்ணன் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

அந்த அம்மா பெண்ணின் கையைப் பிடித்து விறுவிறுவென்று படி இறங்கினார். பின்னாலேயே ஓடினேன். பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ பிடித்தார்கள். கேட்காமலே நானும் ஏறிக்கொண்டேன். நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேனோ என்னவோ, அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பெரிய தெரு முனையில் நெரிசலில் ஆட்டோ நின்றபோதுதான் பேசினார்.

"காலைலேருந்து எம் பொண்ணு சந்தோசமா இருந்துது. எவ்ளோ வருசம் ஆச்சி அந்த மொகத்தப் பாத்து. அதக் கெடுத்துட்டீங்க."

"ஆமாக்கா. கெடுத்துட்டேன்" என்றேன். அவர் சொன்னது உண்மை. ஆனால் மன்னிப்புக் கேட்க மட்டும் மனம் வரவில்லை. அந்தச் சந்தோஷத்தை விட்டுவைத்திருந்தால் அதற்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும்.

பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஓர் ஓட்டலில் உட்கார்ந்தோம். சாப்பாட்டு நேரம், நல்ல கூட்டம். அந்தப் பெண் பையை மேசையில் வைத்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"அக்கா, எலக்ட்ரான் மேட்டரு நெஜமா, அதுவும் பொய்யா?"

"அது நெஜம். அவரு அதுலேருந்து சொன்னதுதான் பொய்."

"ரெண்டு ஓட்டை வழியாவும் ஒண்ணே போவுமா?"

"அப்படி வெச்சிக் கணக்குப் போட்டாதான் விடை சரியா வருது. எப்படின்னு எனக்கும் முழுசா புரியல. படிச்சவங்க இன்னும் அதப் பத்தி சண்ட போட்டுனுதான் இருக்காங்க."

இது அவளுக்குப் பிடித்திருந்தது. மேசையில் இருந்த பையை மறுபடி கையில் எடுத்தாள். "ஊசியும் அந்த மாதிரி கண்டுபுடிச்சதுதானக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா. அதுவும் சும்மா நெனச்சா வந்துது இல்ல. எத்தினியோ வாட்டி தப்பா போயி, திரும்பத் திரும்பப் பாத்து, கஷ்டப்பட்டுக் கண்டுபுடிச்சது. உன் வயசுப் பசங்க அதுக்கு முன்னாடியெல்லாம் பொழைக்கவே இல்ல. அவர் சொன்ன சக்தி எதுன்னு எனக்குத் தெரியாது. நீ துன்ற சோத்துலேருந்து உடம்புக்கு சக்தி ஏத்தறது உன் கையில இருக்கற இதுதான்."

அவள் அம்மா வழக்கம்போல் எழுந்தார். ஊசி போடும்போது கழிவறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், முந்தானையால் மறைத்து நிற்பாராம். "இங்கியே போட்டுக்கறேம்மா" என்றாள் அந்தப் பெண். அவர் வேண்டாம் என்பதுபோல் சுற்றிலும் பார்த்தார். அதற்குள் அவள் பேனா மாதிரி இருந்த அந்த ஊசியை எடுத்து, அளவைத் திருகி வைத்துக்கொண்டு, சட்டையை லேசாகத் தூக்கி வயிற்றில் போட்டுக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் ஒளிந்து ஒளிந்து போட்டுக்கொள்ளும் பெண், ஓட்டல் நடுவில், பட்டப்பகலில் போட்டுக்கொண்டாள்.

பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தோசையைப் பிய்த்த கையோடு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கிறார், பார்க்கிறார், பார்வையை எடுக்கவே இல்லை. எனக்கு வாய் திறக்கும் வேலை இருக்கவில்லை. அந்த அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"இன்னா பாக்கறீங்க? எவ்ளோ நேரம் பாத்தாலும் இங்க ஒண்ணும் மாறாது. தோச ஆறிடப் போவுது, சாப்புடுங்க."

அந்த மனிதர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெண் குபீரென்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. முகத்தை இறுக்கிவைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாவும் கடைசியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் சாப்பாட்டுக்கும் அவரே சொன்னார். வேண்டாம் என்றதற்கு, "கத்திக் கத்தித் தொண்ட காஞ்சிருக்கும், துன்னும்மா" என்றார். மேடம் போய் அம்மா ஆகியிருந்தது.

அந்தப் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். ஊசி போட்டுக்கொண்டுதான் போகிறாள், ஒளிந்து இல்லை. செங்கம் சாலையில் எனக்கு அன்றோடு வேலை போயிற்று. நான் சாமிக்கு எதிரானவள், கலாட்டா பண்ணுகிறவள் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள் என்று கேள்வி. சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு டியூஷன் வகுப்பு இருக்கிறது, சாக்பீஸ் இருக்கிறது. இரண்டு பிளவுப் பாடம் வரும்போதெல்லாம் பிள்ளைகளிடம் கணக்கை முடித்துவிட்டு, இதில் நம் ஆசைக்கு எந்த இடத்திலும் ஓர் எழுத்துகூட இல்லை, தேடிப் பாருங்கள் என்று சொல்லுவேன். என் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லை நம்பி ஒரு தாய் தன் மகளின் மருந்தைக் கீழே வைத்துவிடுவாள் என்று கண்ணால் கண்ட பிறகு, பொய் என்று தெரிந்த ஒன்றை, அது யாருடைய வார்த்தையாக இருந்தாலும், என் குரலில் சொல்ல இன்றுவரை நான் சம்மதிக்கவில்லை, இனியும் சம்மதிக்க மாட்டேன்.